மெரீனா மணல் யாருடையது?

பங்கு மக்களை ஆண்டுக்கு ஒருமுறை வெளியூர் அழைத்துச் செல்வது நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் நல்வழக்கம். ஏதேனும் ஒரு திருத்தலத்தை நாடிச் சென்று, திருப்பலியில் பங்குபெற்று, மரநிழலில் கட்டுச்சோறு உண்டு, பாடிக்கொண்டே திரும்புவோம். இவ்வாண்டு எங்கள் குன்றத்தூர்ப் பகுதியின் அன்பியக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, "சாமி, இம்முறை பிள்ளைகள் மகிழும்படியாகக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போகலாமே" என்றார். நீர்ச்சறுக்கும் இராட்டினமும் உள்ள அத்தகைய இடங்கள் புறநகரைச் சுற்றிலும் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அங்கிருந்தோர் அனைவரும் கைதட்டினர். நானும் தலையசைத்தேன்.

அடுத்த ஞாயிறு முதல் பெயர்ப் பட்டியல் எழுதப்பட்டது. இரண்டாம் வாரம் அப்பட்டியலைப் பார்த்தபோது சில பெயர்கள் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. கட்டட வேலைக்குச் சித்தாளாகச் செல்லும் ஒரு தாய், தம் மூன்று பிள்ளைகளின் பெயரையும் தம் பெயரையும் நீக்கியிருந்தார். காரணம் கேட்டேன். "சின்னவனுக்கு உடம்பு சரியில்லை சாமி" என்று சொல்லித் தரையைப் பார்த்தார். அந்தச் சின்னவனோ அப்பொழுது கோவில் வாசலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். நால்வருக்குமான நுழைவுக் கட்டணம் அவருடைய நான்கு நாள் கூலிக்குக் குறையாது என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. பெயர் அடிக்கப்பட்டிருந்த மற்றக் குடும்பங்களையும் எண்ணிப் பார்த்தேன். எல்லாமே அன்றாடம் உழைத்து உண்பவர்களின் குடும்பங்கள். கூட்டத்தில் கைதட்டியவர்களுள் அவர்களும் இருந்தனர் என்பதுதான் என் நெஞ்சைக் குத்தியது.

மறுவாரம் அறிவிப்பை மாற்றினேன். "நாம் மெரீனாவுக்குப் போகிறோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. பேருந்துச் செலவைப் பங்கு ஏற்கும்." இளைஞர் சிலரின் முகம் வாடிற்று. "மெரீனாவா? அதில் என்ன இருக்கிறது?" என்று ஒருவர் முணுமுணுத்ததும் என் செவியில் விழுந்தது. அக்கேள்விக்கு விடைதேடிச் சென்ற ஒரு மாலைப்பொழுதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பெயர் வந்த வழி

பிப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டோம். அனகாபுத்தூருக்கு அருகே அடையாற்றைக் கடந்து, பம்மல், பல்லாவரம், கிண்டி வழியாகக் காமராசர் சாலையை அடைந்தோம். நாங்கள் கடந்துவந்த அந்த ஆறும் எங்களைப் போலவே இக்கடற்கரைப் பக்கமாகத்தான் வருகிறது. சாந்தோமுக்குத் தெற்கே, பட்டினப்பாக்கத்தை ஒட்டிக் கடலில் கலக்கிறது.

மெரீனா என்னும் சொல் தமிழன்று என்பது வெளிப்படை. 1881 முதல் 1886 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் என்னும் ஆங்கிலேயர், 1884ஆம் ஆண்டில் கரையோரமாக உலாச்சாலை ஒன்றை அமைத்தார். இத்தாலி நாட்டின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரின் கடற்கரையை எண்ணி, அதன் பெயரையே இதற்கும் இட்டார். மாலைக் காற்று வாங்க வரும் துரைமாரும் சீமாட்டியரும் கோச்சு வண்டிகளில் பவனி வருவதற்கென்று உருவான இடம் இது. எனினும் கடற்காற்றுக்குக் காவல் போட எவராலும் இயலவில்லை. திருவல்லிக்கேணியின் சந்துகளிலிருந்தும் சேப்பாக்கத்தின் குடிசைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். சில பத்தாண்டுகளுக்குள்ளேயே மெரீனா எல்லாருக்கும் உரிய திடலாகிவிட்டது.

கரையோரக் கேளிக்கைகள்

கோட்டைப் பக்கம் தொடங்கிப் பட்டினப்பாக்கம் வரையில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கரையில் நம் முன்னோர் கண்டு களித்தவற்றை அறிந்தால் இன்றைய பிள்ளைகள் வியப்பர். 1909ஆம் ஆண்டில் இங்கே மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே முதலாவது அதுதான். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவரின் எண்ணத்தில் உதித்தது அது. தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டவரும் அவரே. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் அழைத்து மகிழ்ந்த சென்னை மக்களுக்கு, கடலுக்குள் வாழும் உயிர்களைக் கண்ணாடிக்கு அப்பால் காண்பது எத்தகைய அதிசயமாயிருந்திருக்கும்! இரண்டாம் உலகப் போர் மூண்டு, சப்பானியர் தாக்குவர் என்ற அச்சம் நகரைப் பிடித்த காலத்தில் அக்காட்சியகம் மூடப்பட்டது.

வானொலியின் வரலாற்றிலும் இக்கடற்கரைக்கு இடமுண்டு. 1924ஆம் ஆண்டில் சென்னையில் வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பொருள் முடையால் அது நடத்த முடியாமற்போகவே, 1930ஆம் ஆண்டில் மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ளச் செல்வர்க்கு மட்டுமே இயன்ற நாள்கள் அவை. ஆகவே கடற்கரை முதலிய பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. கூலிக்காரரும் குமாஸ்தாவும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரே பாட்டைக் கேட்டனர்.

பொதுக்கூட்டங்களும் ஒருவகையில் மக்களுக்குக் கிடைத்த மாலை நேரப் பள்ளிக்கூடங்களே. திலகர் திடல் என்று அழைக்கப்பட்ட பகுதியில் விடுதலைப் போராட்டக் காலத் தலைவர்கள் பேசினர். பின்னாளில் எழுந்த சீரணி அரங்கம் 2003ஆம் ஆண்டில் இடிக்கப்படும் வரையில் எத்தனையோ சொற்பொழிவுகளைக் கண்டது. 2017 சனவரியில் ஏறுதழுவுதலுக்காக இளைஞர்கள் இரவுபகலாகக் கூடியிருந்ததும் இம்மணலிலேதான்.

இவற்றுள் பலவற்றைக் காணக் காசு வேண்டியதில்லை. மணலில் உட்காருவதற்கும் அலையைப் பார்ப்பதற்கும் எக்காலத்திலும் எவரும் சீட்டு வாங்கியதில்லை. எங்கள் குழுவில் வந்த பிள்ளைகள் அன்று சாலையிலிருந்து மணலில் இறங்கிய கணமே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினர். பட்டியலில் பெயர் அடிக்கப்பட்டிருந்த 'உடம்பு சரியில்லாத' சின்னவன்தான் எல்லாருக்கும் முன்னே ஓடினான்.

சிலைகள் சொன்ன பாடம்

சற்று இளைப்பாறியபின் சிலைகளைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். 1968 சனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி இச்சாலையில் தமிழ்ச் சான்றோர் பலருக்குச் சிலைகள் எழுப்பப்பட்டன. வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார் ஆகியோரைப் பிள்ளைகள் எளிதில் அறிந்துகொண்டனர். ஒரு சிலையின் முன்னே நின்று, "இவர் யார் சாமி?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "வீரமாமுனிவர்" என்றேன். 1680ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்து, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்து, புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு தேம்பாவணி இயற்றி, சதுரகராதி என்னும் அகராதியும் தொகுத்தவர் என விளக்கினேன். "அப்படியானால் மெரீனாவும் இத்தாலி, இவரும் இத்தாலி" என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னதும் பெரியோர் அனைவரும் சிரித்துவிட்டனர்.

உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்டவரும் ஒரு கத்தோலிக்கக் குருவே என்பதைப் பெற்றோர் தம் மக்களுக்குச் சொல்லித்தருதல் நலம். யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறையில் 1913ஆம் ஆண்டில் பிறந்து, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால், 1964ஆம் ஆண்டில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அதன் முதல் மாநாடு 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிகழ்ந்தது. இரண்டாம் மாநாட்டின் நினைவாகவே இச்சிலைகள் இங்கு நிற்கின்றன.

அங்கிருந்து உழைப்பாளர் சிலைக்குச் சென்றோம். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணம் அது. 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க நால்வர் உடல் முறுக்கி முயலும் காட்சி. இந்தியாவின் முதல் மே நாளைச் சிங்காரவேலர் 1923ஆம் ஆண்டில் கொண்டாடியது இந்நகரின் கடற்கரையில்தான். பொழுதுபோக்குமிடத்தின் நடுவே உழைப்பின் சிலையை நிறுத்தியவர்கள் ஆழ்ந்து எண்ணியே செய்தார்கள் போலும். சித்தாளாக வேலை செய்யும் அந்தத் தாய் சிலையை நெடுநேரம் உற்றுநோக்கினார். "கடைசியில் நிற்கிறவருக்குத்தான் பாரம் அதிகம்" என்றார். நாள்தோறும் பாரம் சுமப்பவரின் கண்ணுக்கு அது தெரிந்தது. எனக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

"இது எங்க ஊர் மண்ணு சாமி"

எங்களுடன் எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் வந்திருந்தார். பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதியின் தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவரை மணந்து இப்பக்கம் குடியேறியவர். பிறந்த ஊர் இராயபுரத்துக்கு வடக்கே உள்ள ஒரு மீனவக் குப்பம். முழங்கால் வலியினால் மணலில் நடக்க இயலாது. "நான் சாலையிலேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்றார்.

நல்லவேளையாக, நடக்க இயலாதோர் கடலை அணுகிக் காண்பதற்கென்று விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ப்புறத்தில் மரத்தாலான பாதை ஒன்று இருக்கிறது. 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமுற்றுப் பின்னர்ச் சீர்செய்யப்பட்டது. முன்பு முணுமுணுத்த அந்த இளைஞரே பாட்டியைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, அப்பாதையில் தள்ளிக்கொண்டு போனார். பாதை முடியுமிடத்தில் பாட்டி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கீழே கையை நீட்டிக் காட்டி, "இது எங்க ஊர் மண்ணு சாமி. அங்கே எடுத்து இங்கே போட்டிருக்கு" என்றார்.

இளைஞர் அதை முதியவரின் புலம்பல் என்றே எண்ணினார். ஆயினும் பாட்டி சொன்னது முற்றிலும் உண்மை. எதிரே தெரியும் விவேகானந்தர் இல்லத்தையே சான்றாகக் கொள்ளலாம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1840களில் கட்டப்பட்ட 'ஐஸ் ஹவுஸ்' அது. அந்நாளில் கடல் அக்கட்டடத்துக்கு அண்மையிலேயே இருந்தது. இன்றோ அங்கிருந்து அலையைத் தொட நூற்றுக்கணக்கான மீட்டர் மணலைக் கடக்க வேண்டும். இத்தனை மணலும் எங்கிருந்து வந்தது?

கடலோரத்தில் மணல் ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. இயற்கை நடத்தும் இந்தப் போக்குவரத்தின் குறுக்கே சென்னைத் துறைமுகம் எழுந்தது. 1875ஆம் ஆண்டில், அப்பொழுது இளவரசராயிருந்த ஏழாம் எட்வர்டு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1881ஆம் ஆண்டுப் புயல் அக்கட்டுமானத்தைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அக்கற்சுவர்கள் வடக்கே செல்லும் மணலை மறித்தன.

வயலுக்குப் பாயும் வாய்க்காலின் ஓரத்தில் ஒரு கல்லை நட்டுப் பாருங்கள். கல்லுக்கு மேற்புறம் மண் சேரும். கீழ்ப்புறம் கரை அரிபடும். துறைமுகத்துக்குத் தெற்கே சேர்ந்த மண்தான் நாம் சுண்டல் கொறித்து அமரும் மெரீனா. வடக்கே அரிபட்ட கரைதான் இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலான மீனவர் ஊர்கள். அங்கே தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. எஞ்சியவற்றைக் காக்கக் கரைநெடுகப் பாறாங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று.

"நான் சின்னப் பிள்ளையாயிருந்தபோது எங்க வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு தெரு இருந்தது சாமி. எனக்குக் கல்யாணம் ஆகும்போது ஒரு தெருதான் இருந்தது. அம்மா செத்தபோது வீடே இல்லை" என்றார் பாட்டி. அவர் குரலில் சினம் இல்லை. சக்கர நாற்காலியின் பின்னே நின்ற இளைஞர் தலைகுனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையின் முதற்குடிகள்

மெரீனாவை ஒட்டி அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், மாட்டாங்குப்பம், நொச்சிக்குப்பம் என மீனவர் குடியிருப்புகள் பல உள்ளன. உலாவ வந்த நமக்கு இது பொழுதுபோக்கும் இடம். அவர்களுக்கோ வலை காயும் முற்றம், பிள்ளை வளரும் வீடு. இவ்விரு தேவைகளும் பலமுறை மோதியுள்ளன. 1985ஆம் ஆண்டில் கடற்கரையை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தபோது போராட்டம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். 2023ஆம் ஆண்டில் நொச்சிக்குப்பத்துச் சாலையோர மீன்கடைகளை அகற்றுவது குறித்து மறுபடியும் பூசல் எழுந்தது. 2024ஆம் ஆண்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். அன்று காலை ஆழிப்பேரலை வந்தபோது, கரையில் நடைபயின்றோரும் விளையாடிய சிறுவரும் மீன்விற்ற பெண்டிரும் ஒருசேர மாண்டனர். உலாவ வந்தவர் யார், உழைக்க வந்தவர் யார் என்று அலை பிரித்துப் பார்க்கவில்லை.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. மெரீனாவின் நீர் அமைதியாகத் தோன்றினும் உள்ளிழுக்கும் நீரோட்டம் வலிமையானது. நீச்சல் தெரிந்த இளைஞர் பலரையும் அது கொண்டுபோயிருக்கிறது. கடலில் குளிக்கக்கூடாது என்ற எச்சரிக்கைப் பலகையைக் கடந்து கணுக்கால் அளவு நீரில் நிற்கும்போதுங்கூடச் சிறுவரின் கையை விடாதீர்கள். நாங்கள் பெரியோரை வரிசையாக நிறுத்தி வேலி அமைத்த பிறகே பிள்ளைகளை அலையில் கால்நனைக்க விட்டோம்.

திரும்பும் வழியில்

பொழுது சாய்ந்தது. நாங்கள் உண்ட இடத்தில் கிடந்த காகிதத்தையும் தொன்னைகளையும் பிள்ளைகள் பொறுக்கிப் பைகளில் கட்டினர். "பாட்டி ஊர் மண்ணைக் குப்பையாக்கிவிட்டுப் போகக்கூடாது" என்று ஒரு சிறுவன் சொன்னானாம். பேருந்தில் ஏறுமுன் எல்லாரும் காலை உதறினர். பாட்டி மட்டும் உதறவில்லை.

மெரீனாவில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு என்னால் இப்பொழுது விடை கூற முடியும். கட்டணமின்றி அமர்ந்து களிக்கும் உரிமை ஏழைக்கும் இருக்கிறது. ஓய்வு என்பது உழைப்பவர் எல்லாருக்கும் இறைவன் வகுத்தது. காசுள்ளவர்க்கு மட்டும் உரிய சரக்காக அதை மாற்றிவிடுவது தகாது. அம்மகிழ்ச்சிக்கு எங்கோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார் என்ற உண்மையும் அதே மணலில் இருக்கிறது. நாம் அனுபவிக்கும் நன்மைகளுள் எத்தனை இவ்வாறு பிறர் வாசலிலிருந்து பெயர்ந்து வந்தவை என்று ஒவ்வொரு குடும்பமும் ஓர் இரவு கூடியமர்ந்து எண்ணிப் பார்க்கலாம். மணலைத் திருப்பித்தர நம்மால் ஆகாது. அதை இழந்தவரை அறிந்துகொள்ளவாவது ஆகுமல்லவா?

பேருந்து பல்லாவரத்தைத் தாண்டியபோது அந்த இளைஞர் என் இருக்கைக்கு வந்தார். "சாமி, அடுத்த ஆண்டு இராயபுரத்துக்குப் போகலாமா? புனித இராயப்பர் ஆலயத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே வடக்கே பாட்டியின் ஊர்க் கரையையும் பார்க்கலாம்" என்றார். படகோட்டிகளின் சமூகம் தம் உழைப்பால் எழுப்பிய ஆலயம் அது. இராயப்பர் பெயராலேயே அவ்வூர் இராயபுரம் ஆயிற்று என்பாரும் உளர்.

மறுநாள் ஞாயிறு. திருப்பலி முடிந்ததும் அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு இப்பொழுதே ஒரு தாளில் பெயர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். முதல் நான்கு பெயர்கள் அந்தச் சித்தாள் தாயினுடையவை, அவர் மக்களுடையவை. ஐந்தாவதாகப் பாட்டியின் பெயர் இருந்தது. அதன் எதிரே, சக்கர நாற்காலி தள்ளுபவர் என்று குறித்து, அந்த இளைஞர் தம் பெயரை எழுதியிருந்தார்.